சென்னையிலிருந்து ஒரே நாளில் கூட்டமில்லாத கடலோரம் வேண்டுமா? பழவேற்காடு போய்வாருங்கள்

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: சென்னையிலிருந்து காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்புகிற தூரத்தில் கூட்டமில்லாத ஒரு கடலோர ஊர் வேண்டும், அறுபதைத் தாண்டிய அப்பா அம்மாவும் கூட வருகிறார்கள், மெரினா, கோவளம், மாமல்லபுரம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. என் பதில் பழவேற்காடு. ஏன், எப்படி, எப்போது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஊருக்கு விவரம் தெரியாமல் போகிறவர்களில் பாதிப் பேர் ‘அங்கே ஒன்றுமே இல்லை’ என்று சொல்லிக்கொண்டு திரும்பி வருகிறார்கள்.

சென்னைக்காரர்களுக்குக் கடல் என்றாலே வண்டி தானாகத் தெற்கே திரும்பிவிடும். ஈசிஆர் முழுக்க ரிசார்ட், கேளிக்கைப் பூங்கா, சனி ஞாயிறில் நகராத வண்டி வரிசை. வடக்கே எண்ணூர், மீஞ்சூர் என்றால் அனல்மின் நிலையமும் கன்டெய்னர் லாரியும்தான் நினைவுக்கு வரும், அதனால் அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. அதையெல்லாம் தாண்டி, ஆந்திர எல்லையை ஒட்டி, நகரத்திலிருந்து 55, 60 கிலோமீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. அங்கே ரிசார்ட் கிடையாது. அந்த ஊர் யாரையும் எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. தன் மீன், தன் வலை, தன் சந்தை என்று இருக்கிறது. நீங்கள் தேடுகிற அமைதி அங்கே கிடைப்பதற்கு அதுதான் காரணம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலையில் கால் நனைத்து, சுண்டல் வாங்கித் தின்று, மணலில் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று நினைத்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். பழவேற்காட்டில் பார்க்க வேண்டியது ஏரி. கடல் அதற்கு அடுத்தபடிதான். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு முனை மட்டும் நம் பக்கம். ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே நீளமாக ஒரு மணல்தீவு கிடக்கிறது. அதுதான் ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா. அந்தத் தீவு முடிகிற இடத்தில், பழவேற்காட்டுக்குப் பக்கத்தில், ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரம் இருக்கிறது. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் ஏரிக்கு நல்ல தண்ணீர் கொண்டு வருகின்றன, முகத்துவாரம் உப்புத் தண்ணீரைக் கொண்டு வருகிறது. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறக்குறைய உப்பே இல்லாமல் இருக்கும். கோடையில் கடலைவிட அதிகமாகக் கரிக்கும். பல இடங்களில் ஓர் ஆள் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தே போய்விடலாம். இந்த உப்பு மாற்றமும் ஆழமின்மையும்தான் இறாலுக்கும் நண்டுக்கும் பறவைகளுக்கும் இந்த ஏரியைப் பிடித்துப்போன இடமாக்கியிருக்கின்றன.

போகும் வழி. சொந்த வண்டி என்றால் செங்குன்றம் வழியாகக் கொல்கத்தா நெடுஞ்சாலையில் தச்சூர் கூட்டுரோடு வரை போய், வலது பக்கம் திரும்பி, பொன்னேரி, திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காடு. மணலி, மீஞ்சூர் வழி வரைபடத்தில் குறுக்கு வழியாகத் தெரியும். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். ரயில் என்றால் சென்ட்ரல் பக்கத்து மூர்மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்குங்கள், அங்கிருந்து பேருந்து இருக்கிறது. அப்பா அம்மா மூட்டு வலிக்காரர்களாக இருந்தால் கார்தான் நல்லது, ஏனென்றால் ஊருக்குள் பார்க்க வேண்டிய இடங்கள் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருக்கின்றன. பொன்னேரியிலேயே காலைச் சிற்றுண்டி, கழிவறை எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். அதற்கு அப்புறம் நல்ல கழிவறை கிடைப்பது கஷ்டம். வயதானவர்களோடு போகிறபோது இது பெரிய விஷயம்.

வீட்டை விட்டு 6 மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். இதில் மட்டும் சமரசம் வேண்டாம். பழவேற்காட்டுக்கு உயிர் இருப்பது காலையில்தான். இரவு வலை போட்டவர்கள் கரைக்கு வந்து, மீன் இறங்கி, ஏலம் நடந்து, கூடைகள் வண்டியேறிப் போவது வரை எல்லாம் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். 11 மணிக்கு வந்து இறங்குகிறவர்கள் காய்கிற வலையையும் தூங்குகிற நாயையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ‘ஒன்றுமே இல்லை’ என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

முதலில் மீன் இறங்குகிற இடத்துக்குப் போங்கள். அப்பா அம்மாவுக்கு ஓரமாக ஒரு நிழல் பார்த்துக் கொடுத்துவிட்டு நீங்கள் கொஞ்சம் நெருங்கிப் போய் நின்று பார்க்கலாம். பைபர் படகுகள் மூக்கைக் கரையில் குத்தி நிற்கும். வலையிலிருந்து மீனை உதறி எடுக்கிறவர்கள் ஒரு பக்கம், கூறு கட்டி வைத்து விற்கிற பெண்கள் ஒரு பக்கம். மடவை, கொடுவா, கிழங்கான், இறால் எல்லாம் வரும், ஆனால் பழவேற்காட்டின் பெயரைச் சொல்வது நண்டுதான். சேற்று நண்டின் கொடுக்கு இரண்டையும் உடம்போடு சேர்த்துக் கயிற்றால் கட்டி உயிரோடு வைத்திருப்பார்கள். வாங்குவதாக இருந்தால் நண்டைத் திருப்பி, அடிப்பக்கம் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் உள்ளே சதை இருக்கிறது. அமுங்கினால் அண்மையில்தான் ஓடு கழற்றிய நண்டு, உள்ளே தண்ணீர்தான், எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். முட்டை வெளியே தெரிகிற பெண் நண்டை யார் விற்றாலும் வாங்காதீர்கள். ஏரியில் நண்டு குறைந்து வருவதற்கு அதுவும் ஒரு காரணம். இறாலில் தலை உடம்போடு இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும், தலை கறுத்திருக்கக் கூடாது.

இப்போதே வாங்கினால் சாயங்காலம் வரை தாங்காதே என்று கேட்பீர்கள். வீட்டிலிருந்து ஒரு ஐஸ் பெட்டி எடுத்துப் போங்கள், மீன் இறங்குகிற இடத்திலேயே ஐஸ் கிடைக்கும். பேரம் பேசலாம், ஆனால் சென்னை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். இரவெல்லாம் தண்ணீரில் நின்று பிடித்த இறாலுக்குப் பத்து இருபது ரூபாய் கூடக் கொடுப்பதில் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அங்கிருந்து பாலத்துக்கு வாருங்கள். ஊரையும் கடற்கரை ஓரத்து லைட் ஹவுஸ் குப்பத்தையும் இணைக்கிற பாலம் அது. அதன் மேல் நின்றால் ஏரி இரண்டு பக்கமும் விரிந்து கிடக்கும். தண்ணீருக்குள் வரிசையாகக் கழிகள் நட்டிருப்பது தெரியும். பார்ப்பதற்குச் சும்மா நட்டு வைத்த குச்சிகள் போலத்தான் இருக்கும், ஆனால் அதற்குப் பின்னால் இந்த ஏரியின் மிக அழகான விஷயம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தக் காட்சியே வேறு.

இறால் நன்றாக அகப்படுகிற இடங்கள் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம்தான் இருக்கின்றன. ஏரியிலிருந்து கடலுக்கும் கடலிலிருந்து ஏரிக்கும் தண்ணீர் ஓடுகிற வழியில் கழி நட்டு வலை கட்டினால், ஓட்டத்தோடு வருகிற இறால் வலையில் விழும். எல்லோரும் அதே இடத்துக்குப் போட்டி போட்டால் வெட்டுக்குத்துதான். அதனால் பட்டினவ மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் ‘பாடு’ என்று பெயர். கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களும் அந்த இடங்களை முறை போட்டுப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு நாள் ஓர் ஊருக்கு என்றால் அடுத்து இன்னோர் ஊருக்கு. ஊருக்குள்ளும் தலைக்கட்டுக் கணக்கில், அதாவது குடும்பக் கணக்கில், முறை மாறி மாறி வரும். நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த தடவை சுமாரான இடம் வரும். யாருக்கும் நிரந்தரமாக நல்ல இடம் கிடையாது, யாரும் நிரந்தரமாக ஏமாறுவதும் கிடையாது. அரசாங்கம் எழுதிக் கொடுத்த சட்டமில்லை இது. பொது நீர்நிலையை மக்களே பங்கு போட்டு நடத்துவதற்கு எடுத்துக்காட்டாக இதை வெளிநாட்டு ஆய்வாளர்களும் வந்து படித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த முறையில் இடம் இல்லாதவர்களும் ஏரியை நம்பித்தான் பிழைக்கிறார்கள், அதனால் உரசல்களும் இருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆழமில்லாத ஓரங்களில் கவனித்துப் பாருங்கள். கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடி மெதுவாக நகர்கிற ஆட்கள் தெரிந்தால் அவர்கள் இருளர் பழங்குடியினர். வலை கிடையாது, படகு கிடையாது. சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள், இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமே. பெண்களும் இந்த வேலையைச் செய்கிறார்கள். மணிக்கணக்கில் உப்புத் தண்ணீரில். கைப்பேசியை நீட்டிக்கொண்டு கிட்டே போகாதீர்கள், தூரத்தில் நின்று பார்த்தால் போதும்.

9 மணிக்கு மேல் டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகலாம். ஊரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, உங்கள் பெற்றோருக்கும் பிடிக்கும் என்று நினைக்கிறேன். இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. கதவு பூட்டியிருந்தால் பக்கத்தில் கேளுங்கள். வாசலில் ஆளுக்கொரு பக்கமாக இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். உள்ளே போகிறவர்களுக்கு மரணத்தை நினைவூட்டுவதற்காக வைத்தது. நம் ஊர்களில் கோயில் வாசலில் துவாரபாலகர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒரு கணம் திக்கென்று இருக்கும்.

உள்ளே 17, 18-ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள். பெரிய பெரிய கற்பலகைகள். கூர்ங்கோபுரம் மாதிரி உயர்த்திக் கட்டியவையும் உண்டு. பலகைகள் பக்கத்தில் குனிந்து பாருங்கள், எழுத்துகள் பள்ளமாக வெட்டப்படாமல் கல்லிலிருந்து புடைத்து நிற்கும். சுற்றியிருக்கிற கல்லையெல்லாம் செதுக்கி எடுத்துவிட்டு எழுத்தை மட்டும் மேலே நிற்க விட்டிருக்கிறார்கள். எழுத்தைச் சுற்றிப் பூவேலைப்பாடு, குடும்பச் சின்னம், தலைக்கவசம். முந்நூறு வருஷ உப்புக்காற்றுக்குப் பிறகும் விரலால் தடவினால் எழுத்து எழுத்தாகத் தட்டுப்படுகிறது. செதுக்கிய கைகள் யாருடையவை என்று எந்தக் கல்லிலும் இல்லை, படுத்திருப்பவர்களின் பெயர் மட்டும் இருக்கிறது. தரை மேடு பள்ளமாக இருக்கும், முள்ளும் உண்டு. அப்பா அம்மாவுக்குச் செருப்பைவிட ஷூ நல்லது.

இவர்கள் இங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ஐரோப்பியர்களில் போர்த்துகீசியர்கள்தான் இந்தக் கரைக்கு முதலில் வந்தவர்கள். ஊரில் இருக்கிற மகிமை மாதா ஆலயத்தின் தொடக்கம் அவர்கள் காலத்தது. அப்புறம் 1610-இல் விஜயநகர மன்னர் வேங்கடரின் அனுமதியோடு டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி வந்தது. 1612-இல் போர்த்துகீசியர்கள் தாக்கினார்கள், அதற்குப் பதிலடியாக 1613-இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. அதை எழுப்பிய அதிகாரியின் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயர் அது. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைநகரம் இந்தச் சின்ன ஊர்தான். கட்டம் போட்ட கைலித் துணி இங்கிருந்து மலாய்த் தீவுகளுக்குப் போனது, அங்கிருந்து கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கப்பட்டன. கோட்டைக்குப் பக்கத்தில் வெடிமருந்து செய்தார்கள். துணியோடு நிற்கவில்லை. 1620-களிலிருந்து பல பத்தாண்டுகள் இந்தத் துறையிலிருந்து ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாக விலைக்கு வாங்கிப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். பத்தாவியா என்பது இன்றைய ஜகார்த்தா. பஞ்சம் வந்த வருஷங்களில் இந்த வியாபாரம் பெருகியது, ஏனென்றால் பசியில் தன்னையும் பிள்ளைகளையும் விற்றவர்கள் அப்போது அதிகம். கப்பலேறியவர்களுக்கு எங்கேயும் ஒரு கல் கிடையாது. அழகான கல்லறைகளைப் பார்க்கிறபோது இதையும் சேர்த்து நினைத்துப் பார்ப்பதுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றும்.

கோட்டையைத் தேடாதீர்கள். 1825-இல் ஊர் நிரந்தரமாக ஆங்கிலேயர் கைக்குப் போனது, அதற்கு முன்பே கோட்டை இடிந்துவிட்டது. இப்போது அகழியும் புதர் மண்டிய மேடும்தான். பாம்பு இருக்கும், உள்ளே இறங்க வேண்டாம். நேரம் இருந்தால் செம்புறாங்கல்லில் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயிலைப் பாருங்கள், அம்மாவுக்குப் பிடிக்கும். பள்ளிவாசல் ஒன்றில் தொழுகை நேரம் பார்க்கப் பயன்பட்ட நிழற்கடிகாரம் இருக்கிறது. தொழுகை இல்லாத வேளையில் கேட்டால் காட்டுவார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்த்துவிடுங்கள்.

பழவேற்காட்டில் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய. அந்த வீட்டுப் பெண்கள் பனையோலையில் பெட்டி, கூடை, முறம் முடைவதில் கெட்டிக்காரர்கள். சாயம் ஏற்றிய ஓலையும் சாயமில்லாத ஓலையும் மாறி மாறி வருகிற மாதிரி முடைந்த மூடிபோட்ட பெட்டிகள் ரொம்ப அழகு. பெரிய கடையாக ஒன்றும் இருக்காது, வீட்டில் வைத்துத்தான் செய்கிறார்கள். விசாரித்துப் போய் வாங்குங்கள், காசு நேராகச் செய்தவர் கைக்குப் போகும்.

சாப்பாடு சின்னக் கடைகளில்தான். மீன் குழம்பு, வறுவல், பிரியாணி கிடைக்கும், நன்றாகவே இருக்கும். அப்பா அம்மா சைவம் என்றால் கையில் கட்டிக்கொண்டு போய்விடுங்கள், தயிர்சாதமும் ஊறுகாயும் போதும். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். குடை கட்டாயம். ஏரிக்கரையில் மரமே இல்லை என்று சொல்கிற அளவுக்கு நிழல் குறைவு.

இப்போது மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். படகில் ஏறாதீர்கள். நீங்கள் கரையில் நின்றாலே யாராவது வந்து, ‘முகத்துவாரம் வரைக்கும் கூட்டிட்டுப் போறேன் சார், தீவு காட்டறேன்’ என்று கேட்கலாம். அவர் நல்ல மனிதராகவே இருப்பார், அவருக்கு அந்த வருமானம் தேவையாகவும் இருக்கும். ஆனாலும் வேண்டாம். 2011 டிசம்பர் 25-ஆம் தேதி, கிறிஸ்துமஸ் அன்று, உல்லாசமாகப் படகில் போன ஒரே கூட்டத்தைச் சேர்ந்த 20-க்கும் மேற்பட்டவர்கள் படகு கவிழ்ந்து இறந்துபோனார்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது. ஏரி ஆழமில்லாதது என்பது உண்மை, ஆனால் முகத்துவாரத்தில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே ஏரித் தண்ணீரும் கடல் தண்ணீரும் மோதுகிற இடத்தில் மணல்திட்டு தினமும் இடம் மாறும், நீரோட்டம் திடீரென்று திசை மாறும், அலை பக்கவாட்டில் வந்து அடிக்கும். அந்தப் படகுகள் மீன் பிடிக்கச் செய்தவை. எழுந்து நின்று செல்ஃபி எடுக்கிறவர்களைத் தாங்குவதற்குச் செய்தவை இல்லை. மீனவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் படகில் இருக்கிற பதினைந்து பேரும் பயத்தில் ஒரே பக்கம் சாய்ந்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. லைஃப் ஜாக்கெட் இருக்கிறது என்று சொன்னாலும் ஏறாதீர்கள். பாலத்தின் மேலிருந்து பார்ப்பதைவிட அதிகமாக ஒன்றும் படகில் பார்த்துவிட முடியாது.

கடற்கரை பாலத்தைத் தாண்டி லைட் ஹவுஸ் குப்பத்தில் இருக்கிறது. பெயருக்கேற்றபடி கலங்கரை விளக்கம் ஒன்று உண்டு. அகலமான மணல், வரிசையாக இழுத்துப் போட்ட படகுகள், வலை பிரிக்கிற ஆட்கள், அவ்வளவுதான். காலை வேளையிலோ 3 மணிக்கு மேலோ போனால் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு உங்களைத் தவிர வெளியூர்க்காரர் யாரும் இல்லாமல் நடக்கலாம். கணுக்கால் வரை நனைத்துக்கொள்ளுங்கள், குளிக்க வேண்டாம். முகத்துவாரம் பக்கத்தில் இருக்கிற கரையில் இழுப்பு எங்கே இருக்கிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது, காப்பாற்ற ஆளும் இருக்க மாட்டார்கள். மணலில் கருவாடு காய வைத்திருந்தால் சுற்றிப் போங்கள், வலையை மிதிக்காதீர்கள். அது ஒரு குடும்பத்தின் முதலீடு. குப்பையைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள், அங்கே போட்டால் அள்ளுவதற்கு யாரும் வருவதில்லை, நேராக ஏரிக்குத்தான் போகும்.

எப்போது போவது என்பது நீங்கள் எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. என்னைக் கேட்டால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, ஒரு வாரநாளில். மழை ஓய்ந்திருக்கும், வெயில் சுள்ளென்று இருக்காது, பூநாரைகளும் வந்திருக்கும். வளைந்த அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டுச் சேற்றை வடிகட்டி, சின்னச் சின்ன உயிர்களைத் தின்னும் பறவை அது. அதனால் அதற்கு முழங்காலளவுத் தண்ணீர்தான் வேண்டும். தண்ணீர் மட்டத்தைப் பொறுத்துக் கூட்டம் இடம் மாறிக்கொண்டே இருக்கும், பழவேற்காடு ஊரிலிருந்தே பார்த்துவிடலாம் என்று உறுதி சொல்ல முடியாது. அதற்காகவே போகிறீர்கள் என்றால் ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிற அண்ணாமலைச்சேரியை விசாரித்துப் போங்கள், ஒரு பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள். கூழைக்கடா, உள்ளான், ஆலா, நாரை வகைகள் எப்படியும் தென்படும். ஆயிரக்கணக்கில் பூநாரையே பார்க்க வேண்டும் என்றால் ஆந்திரப் பக்கம், சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகிற சாலைதான் சரி. அது வேறொரு நாளுக்கான பயணம்.

அக்டோபர், நவம்பரில் புயல் எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஏப்ரல், மே வெயிலில் பெற்றோரைக் கூட்டிப் போகவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து மீன் வாங்க வருகிற வண்டிகள் அதிகம். ராக்கெட் ஏவுகிற நாளில் அது மேலே ஏறுவது இங்கிருந்தே தெரியும் என்பதால் ஆட்கள் வருவார்கள். பாதுகாப்புக்காக மீனவர்களைக் கடலுக்கு விட மாட்டார்கள், சந்தையும் சோர்ந்து கிடக்கும். அமைதி தேடிப் போகிற உங்களுக்கு அந்த நாள் ஒத்துவராது.

ஊர்க்காரர்களோடு பேச்சு கொடுத்தால் இரண்டு கவலைகளை எல்லோரும் சொல்வார்கள். ஒன்று, முகத்துவாரம் அடிக்கடி மணல் மூடித் தூர்ந்துபோவது. மூடினால் கடல் தண்ணீர் உள்ளே வராது, இறால் குஞ்சும் வராது, படகும் கடலுக்குப் போக முடியாது. இன்னொன்று, தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டம். கரை இன்னும் அரிக்கும், ஏரி கெட்டுப்போகும் என்று மீனவ ஊர்கள் பல வருஷங்களாக எதிர்த்துப் போராடி வருகின்றன. அவர்கள் பயம் நியாயமானது என்றுதான் நானும் நினைக்கிறேன். வெறும் மணலாலான ஒரு மெல்லிய கரைதான் இந்த ஏரியையும் கடலையும் பிரித்து வைத்திருக்கிறது, பக்கத்தில் எதைக் கட்டினாலும் மணல் ஓட்டம் மாறி அதன் விளைவு இங்கே தெரியும். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேளுங்கள், வழிகாட்டி யாரும் சொல்லாத விஷயங்கள் கிடைக்கும்.

ஒருவேளை அப்பாவுக்கு வெயிலும் மீன் வாடையும் ஒத்துக்கொள்ளாது என்றால், தெற்கே சதுரங்கப்பட்டினம் போங்கள். கல்பாக்கத்தை ஒட்டி, சென்னையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். அதுவும் டச்சுக்காரர்கள் ஊர்தான். செங்கல் கோட்டை ஓரளவு நிற்கிறது, தானியக் கிடங்குகள் இருக்கின்றன, உள்ளேயே சிறிய கல்லறைத் தோட்டம், மதிலுக்கு வெளியே உடனே கடல். 1782 பிப்ரவரியில் பிரெஞ்சுக் கப்பற்படையும் ஆங்கிலக் கப்பற்படையும் மோதியது இந்தக் கரைக்கு எதிரில்தான். ஒன்றிரண்டு மணி நேரத்தில் நடந்து பார்த்துவிடலாம், வயதானவர்களுக்குச் சிரமமில்லை. மாமல்லபுரத்தைத் தாண்டி யாரும் வராததால் அங்கேயும் கூட்டம் குறைவு. ஆனால் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து பார்க்க அங்கே பழவேற்காடு அளவுக்கு விஷயம் இல்லை, அதனால்தான் அதை இரண்டாவதாகச் சொல்கிறேன்.

திரும்புகிற வழியில் திருப்பாலைவனத்தில் பழைய சிவன் கோயில் இருக்கிறது, பொன்னேரியில் அகத்தீஸ்வரரும் கரிகிருஷ்ணப் பெருமாளும். சித்திரையில் இந்த இரண்டு சுவாமிகளும் தெருவில் நேருக்கு நேர் சந்திக்கிற உற்சவம் பொன்னேரியில் பிரசித்தம். கோயில் நடை மாலை திறக்கிற நேரத்துக்கு நீங்கள் அங்கே வந்து சேருகிற மாதிரி, பழவேற்காட்டை விட்டு 3:30 மணி சுமாருக்குக் கிளம்பினால் தரிசனமும் ஆகும், ஒரு காபியும் குடிக்கலாம். 5:30-க்குள் தச்சூரைத் தாண்டிவிடுங்கள். அதற்கு மேல் நெடுஞ்சாலையில் செங்குன்றம் பக்கம் லாரி நெரிசல் ஆரம்பித்துவிடும், ஐஸ் பெட்டியில் இருக்கிற நண்டு அவ்வளவு நேரம் தாங்காது.